கல் கிடந்த கப்பல்

முன்னொரு காலத்தில், கடலோர ராஜ்ஜியம் ஒன்றில், ஒரு காலை சபையில் இருந்தவர்கள் இவர்கள்: ராஜா, அவருக்கு விசிறி வீசும் இருவர், துறைமுக அதிகாரி சேந்தன்பிரான், அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டும் ஒரு கூட்டம், கடைசியாக, தூக்கமில்லாத கண்களோடு விகடகவி ஆனைமுத்து. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

காரணம், துறையில் நின்ற கப்பல். முன்பு ஏதோ ஒரு கப்பலின் மாலுமிகள் சரக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனார்களாம். ராஜாவுக்குக் கோபம் வந்தது. சேந்தன்பிரான் உடனே ஓர் ஆணை எழுதிக் கொடுத்தார்: கப்பலின் அடித்தளம் காலியாகும் வரை, அதில் ஏறிய எவரும் கரையிறங்கக் கூடாது. ராஜா படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

இந்தக் கப்பலில் மிளகு மூட்டைகளை எல்லாம் இறக்கியாயிற்று. ஆனால் அடியில் கல் கிடந்தது. எந்தக் கப்பலிலும் கிடக்கும். அந்தப் பாரம் இல்லாத வெறுங்கப்பல் ஒரு காற்றுக்குத் தாங்காது, கவிழ்ந்துவிடும். கடற்கரை நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயம். துறைமுக அதிகாரிக்குத் தெரியவில்லை. "கல் இருக்கிறதே, காலியாகவில்லையே" என்று ஏணியில் காவல் போட்டுவிட்டார். உள்ளே குடிதண்ணீர் பாசி பிடித்துவிட்டது. பயணிகளில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி.

"அரசே, அந்தப் பெண் கப்பலிலேயே பிள்ளை பெறுவாள் போலிருக்கிறது" என்றான் ஆனைமுத்து. இதை அவன் சொல்வது முதல் தடவை அல்ல.

"ஆணை என்றால் ஆணை" என்றார் ராஜா.

சேந்தன்பிரான் எழுந்தார். "விகடகவிக்கு அத்தனை இரக்கம் என்றால் அவரே கப்பலைக் காலி செய்யட்டும், அரசே. பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் அவரும் அங்கேயே தங்கட்டும்."

ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "செய், ஆனைமுத்து."

"செய்கிறேன். ஆனால் தாங்களும் அதிகாரியும் கப்பலில் நின்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கூழாங்கல் மிச்சம் என்பார்."

இருவரும் ஏறினார்கள். ஆனைமுத்து மாலுமிகளின் தலைவனான தண்டலைக் கூப்பிட்டு, கல்லை எடுக்கச் சொன்னான்.

"ஐயா, கல்லைத் தூக்கினா கப்பல் குப்புற விழும். உங்களுக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?"

"ஆமா. எனக்குச் சம்பளமே அதுக்குத்தான். தூக்கு."

கற்களைக் கயிற்றில் கட்டிக் கரைக்கு இறக்க இறக்க, கப்பல் ஆடத் தொடங்கியது. பிறகு சாய்ந்தது. சேந்தன்பிரான் தம் பட்டாடை மேலேயே வாந்தி எடுத்தார். ராஜா பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"நிறுத்து. நான் இறங்குகிறேன்."

ஏணியடியில் காவலர்கள் வேல்களைக் குறுக்கே நீட்டினார்கள். "மன்னிக்கணும் மகாராசா. அடியில இன்னும் கல்லு கிடக்கு."

ராஜா திரும்பிப் பார்த்தார். ஆனைமுத்து கைகட்டி நின்றான். "கல்லை முழுக்க எடுத்தால் தாங்கள் கடலுக்குள் போகலாம், அரசே. எடுக்காவிட்டால் கப்பலில் இருக்கலாம். கரைக்குப் போக மட்டும் ஆணையில் வழி இல்லை. நானும் தேடித் தேடிப் பார்த்து அலுத்துவிட்டேன்."

"நான் ராஜா."

"'எவரும்' என்று இருக்கிறது. 'ராஜா நீங்கலாக' என்று எழுத அதிகாரிக்குத் தோன்றவில்லை."

ராஜாவுக்கு நா வறண்டது. தண்ணீர் கேட்டார். தண்டல் கொண்டுவந்த செம்பை முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார். "இதையா குடிக்கிறீர்கள்?"

"வேற இல்லீங்க."

ராஜா செம்பைக் கீழே வைத்தார். பிறகு, சொந்தக் காவலர்களின் வேலாலேயே மறிக்கப்பட்ட தம் நிலையை நினைத்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்து அங்கேயே புது ஆணை சொன்னார்: "கப்பல் கரை சேர்ந்தால் முதலில் ஆள் இறங்கட்டும். சரக்கு பிறகு. கல் கப்பலிலேயே கிடக்கட்டும்."

கர்ப்பிணியைத் தொட்டில் கட்டி இறக்கினார்கள். ராஜா தம் கங்கணத்தைக் கழற்றி ஆனைமுத்துவிடம் கொடுத்தார். "வேறென்ன வேண்டும், கேள்."

"கப்பலுக்குச் சட்டம் எழுதுகிறவர் ஒரு மாதம் கப்பலில் இருந்துவிட்டு எழுதட்டும். எனக்குத் தூக்கம் வரும்."

ராஜா மறுபடி சிரித்தார். காவலர்கள் சேந்தன்பிரானைக் கீழறைக்கு அழைத்துப் போனார்கள்.

"அரசே, எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது."

"பார்த்தேன்" என்றார் ராஜா.

தண்டல் தண்ணீர்ப் பானையை உள்ளே வைத்தான். "துணி போட்டு வடிகட்டிக் குடிங்க ஐயா, புழு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினான்.