மூடி போட்ட லெட்சுமி

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். அந்தச் சந்துக்காரர்கள் காதில் விழுந்தால் மனசு சங்கடப்படுவார்கள்.

டவுனுக்கு நடுவில் ஊசிக்கிணற்றுச் சந்து. அங்கே ஒரே புத்திசாலி மாசானம் அண்ணாச்சி. அவரே அப்படித்தான் நம்பியிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் மகள் பவளத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். சந்திலோ எட்டு நாள் குப்பை.

குப்பை வண்டிக்காரி தெய்வானை கறாராகச் சொல்லிவிட்டாள்: "மக்குற குப்பை பச்சைத் தொட்டியில. மக்காதது நீலத் தொட்டியில. மூடி போட்டு வைக்கணும். கலந்து கிடந்தா எடுக்க மாட்டேன்."

"மக்குமா மக்காதான்னு முன்கூட்டியே எப்படிவே தெரியும்?" என்றார் பக்கத்து வீட்டு உலகநாதன்.

"கண்ணால பார்க்காம சொல்லப்படாது," என்றார் மாசானம்.

வாழைப்பழத்தோல், கத்தரிக்காய்க் காம்பு, பால் கவர், அறுந்த செருப்பு என்று ரோட்டில் வரிசையாகப் பரப்பி, நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார்கள். செவ்வாய் போனது, புதன் போனது. ஈ மொய்த்ததுதான் மிச்சம்.

"நாம உத்துப் பார்க்கிறது அதுகளுக்குக் கூச்சமா இருக்குமோ?" என்றாள் உலகநாதன் பெண்சாதி இசக்கி.

நியாயம்தானே! எல்லாரும் திரும்பி உட்கார்ந்தார்கள். மறுபடி பார்த்தால் ஒன்றையும் காணோம். மாசானத்தின் பசு லெட்சுமி நின்றது, வாயில் செருப்பு வார் தொங்க.

மாசானத்துக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "மக்குறது சாணியா வந்துரும். மக்காதது வயித்துலயே தங்கிரும். நமக்கு எதுக்குவே இந்த வேலை?"

வியாழன் பொழுது சாய்வதற்குள் சந்தில் ஒரு துரும்பு இல்லை. லெட்சுமி வயிறு தவில் மாதிரி இருந்தது. மாசானம் கோலப்பொடியைக் குழைத்து அதற்கு முன்பாதி நீலம், பின்பாதி பச்சை பூசினார்.

வெள்ளிக்கிழமை தெய்வானையும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

"தொட்டி எங்க அண்ணாச்சி?"

"பச்சையில அரிசி கொட்டியிருக்கு. நீலத்துல சம்பந்திமாருக்கு மோர் கலக்கியிருக்கு. குப்பை இந்தா நிக்கி, பிரிச்சே வச்சிருக்கேன். ஏத்திக்கோ தாயி."

தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா பசுவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எங்க தெருவுலயும் எட்டு நாளா எடுக்கல," என்றார் அவர். "பொண்ணு பிடிச்சிருக்கு. கூடவே இந்தத் தொட்டியையும் அனுப்பிருங்க."

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. திறந்த தொட்டியையா சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவது? உள்ளே ஓடிப்போய், அரிசி மேல் இருந்த மூடியை எடுத்து வந்து, லெட்சுமியின் கொம்பில் வைத்து இறுக்கிக் கட்டினார்.