ஊரின் நடுவை நகர்த்திய தளபதி

தலையாட்டிபுரம் என்றொரு நாடு. நாடென்றால் ஒரே ஊர்தான். அதற்கு ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒரு தளபதி. மூளையையும் ஒன்றோடு நிறுத்தி மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பக்கத்துக் கரட்டுநாட்டில் அணுகுண்டு செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. எல்லோரும் பயந்துபோனார்கள். தளபதி அளகேசனுக்குப் பயம் கூடுதல். பாவம், பால் காய்ச்சிக் குடிபோன சூடுகூட ஆறாத புது வீடு அவருக்கு.

"குண்டை எங்கே போடப்போகிறான் என்று தெரிந்துகொண்டு வாரும்," என்றார் ராஜா.

வேறு தளபதியாக இருந்தால் ஒற்றனை அனுப்பியிருப்பார். அளகேசன் நேரே கரட்டுநாட்டு அரண்மனைக்குப் போய் அந்த ராஜாவிடமே கேட்டார். அவரும் மறைக்காமல் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

"ஊருக்கு நட்டநடுவில் போடுவார்களாம்," என்று வந்து சொன்னார் அளகேசன். நட்டநடுவில் இருந்தது அவருடைய வீடு.

சபை கூடியது. நாம் முந்திக்கொண்டு அடித்துவிடலாம் என்றார் மந்திரி வேதாசலம். கோபத்தில் திருப்பி அடிப்பார்களே என்றார் ராஜா. கோபப்பட மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார் மந்திரி. கரட்டுநாட்டார் கையெழுத்துப் போட மறுத்ததால் அந்தப் போர்த்திட்டம் கைவிடப்பட்டது.

அளகேசனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டை நகர்த்த முடியாது, நடுவை நகர்த்தலாமே என்று தோன்றியது. சேனையோடு போய்க் கிழக்கு எல்லைக் கற்களைப் பிடுங்கி இன்னும் கிழக்கே நட்டார். ஊரின் நடு நகர்ந்து மந்திரியின் மாட்டுத் தொழுவத்தில் போய் உட்கார்ந்தது. மந்திரி சும்மா இருப்பாரா? மேற்கு எல்லைக் கற்களை மேற்கே தள்ளினார். நடு பழையபடி தளபதி வீட்டுக்கே வந்தது. இப்படி மாறி மாறித் தள்ளியதில் நாடு இரண்டு மடங்கு பெருத்துவிட்டது. தலையாட்டிபுரத்தார் நாடு பிடிக்க வருகிறார்கள் என்று கரட்டுநாட்டில் ஒரே பீதி.

கடைசியில் ராஜா கேட்டார். "எதிரி குண்டு போடவே மாட்டாத இடம் ஏதாவது உண்டா?"

"உண்டு மகாராஜா. அவனுடைய சொந்த ஊர்," என்றார் மந்திரி.

சட்டி பானை, ஆடு மாடோடு நாடே கிளம்பியது. அளகேசன் புது வீட்டைப் பூட்டி, வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் எதிரே இன்னொரு கூட்டம் ஆடு மாடோடு வந்தது. கரட்டுநாட்டார்தான். தலையாட்டிபுரத்தார் தங்கள் சொந்த ஊரைத் தாக்க மாட்டார்கள் என்று அவர்களும் கணக்குப் போட்டிருந்தார்கள். இரு தரப்பாரும் நலம் விசாரித்துக்கொண்டு, வழிவிட்டு நடந்தார்கள்.

கரட்டுநாட்டு அரண்மனை முற்றத்தில் அணுகுண்டு அப்படியே கிடந்தது. கனம் தாங்காமல் விட்டுப் போயிருந்தார்கள்.

"இனிக் குண்டு நம்முடையது," என்றார் ராஜா. "எதிரி ராஜா இப்போது எங்கே இருப்பான்?"

"என் வீட்டில்தான்," என்றார் அளகேசன். பெருமையில் முகம் மலர்ந்தது. "நம் ஊரில் அதைவிட நல்ல வீடு ஏது? அதன்மேலேயே போடலாம். ஆனால் பூட்டிவிட்டல்லவா வந்திருக்கிறேன்? வாசலில் காத்துக்கொண்டிருப்பான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்."

"கொடுத்ததும் திரும்பிவிடாதேயும்," என்றார் ராஜா. "உள்ளேயே உட்கார்ந்து, குண்டு விழும்வரை அவனை வெளியே விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிரும்."

"உத்தரவு மகாராஜா," என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டமாக ஓடினார் அளகேசன்.