திரைக்குப் பின்னிருந்து நீண்ட கை

உட்காருங்கள், சொல்கிறேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற கதை இல்லை இது.

நம் பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் பிறக்காத காலத்தில் மகரகேது என்றொரு ராசா இருந்தான். நல்லவன்தான். லஞ்சம் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. அரண்மனைக் காசில் எதைக் கட்டினாலும் அதிகாரிகள் தங்கள் மச்சானுக்கும் மாமனுக்கும் வேலையைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். உடனே ஒரு சட்டம் போட்டான்.

வேலை கேட்டு வருகிறவன் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். முகம் காட்டக் கூடாது, பேர் சொல்லக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. கையை மட்டும் திரைக்கு வெளியே நீட்ட வேண்டும். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசப்படும். யார் விரல் குறைந்த விலை சொல்கிறதோ, வேலை அவருக்கே; அவர் தரப்பில் ஒருவர் வெளியே வந்து வெற்றிலைத் தட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முகமே தெரியாதபோது ஓரவஞ்சனை எங்கிருந்து வரும்? அது ராசாவின் கணக்கு.

விரல் பிடிக்க ஆள் வேண்டுமே. சந்தையிலிருந்து கொம்பையாவைக் கூட்டிவந்தார்கள். ஊரான் மாட்டுக்குச் சாணி அள்ளி, உதைபட்டு, ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே புத்தி படித்துத் தரகனானவன் கொம்பையா. முன்கோபி. ஆனால் கை சுத்தம். அவன் பிடித்த விரல் விலை இறங்காமல் போனதில்லை.

முதலில் சத்திரம். திரைக்கு வெளியே நீண்ட கைகளில் ஒன்றுக்குச் சுண்டுவிரல் வளைந்திருந்தது, கொக்கி மாதிரி. கொம்பையா அழுத்த அழுத்த அந்தக் கை இறங்கியது. வேலை அதற்கே. வெற்றிலை வாங்க வெளியே வந்தவன் பேர் சிங்காரம். ராசா கொம்பையாவின் தோளில் பட்டுத் துண்டு போட்டான். முதல் மழையில் சத்திரத்துக் கூரை உட்கார்ந்தது.

"ஆள் யாரும் உள்ளே இல்லையே," என்றான் ராசா.

அடுத்தது பாலம். மறுபடியும் நீண்ட கைகளில் ஒன்றுக்குக் கொக்கி விரல். துண்டுக்கடியில் பிடித்ததுமே அது யார் விரல் என்று கொம்பையாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இறங்கிய விலை இருக்கிறதே, அது நாக்கில் வெல்லம். வாயைத் திறக்கவில்லை. இந்த முறை வெற்றிலை வாங்க வந்தது சிங்காரத்தின் மைத்துனன். ராசா கொம்பையாவுக்குத் தங்கக் காப்புப் போட்டான். அறுவடை வண்டி ஏறியதும் பாலம் முறிந்தது. இரண்டு காளைகள் போயின.

"மனுஷன் யாரும் போகவில்லையே," என்றான் ராசா.

மூன்றாவது வேலை, பெரிய ஏரிக்கு மதகு. ஏரிக்குக் கீழே தாழங்குடி. கொம்பையா தன் ஒரே மகள் வடிவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

அன்று முதலில் நீண்டது ஒரு பெண்ணின் கை. உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு. கொம்பையா அழுத்தினான். விரல் இறங்கவில்லை. முறுக்கினான். இறங்கவில்லை. மூன்றாம் தடவை கிள்ளியே பார்த்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கிள்ளாதேயும் ஐயா, முருங்கைக்காயா வாங்குகிறீர்?"

"பேசக் கூடாது அம்மா. சட்டம்."

"சட்டம் கிடக்கட்டும். நான் கொத்து வேலைக்காரி செங்கமலம். சுண்ணாம்பு ஊறவே ஒரு மாதம் ஆகும், அதற்குக் கடுக்காய் வேண்டும், கருப்பட்டி வேண்டும், கல்லுக்கு மலைக்குப் போக வேண்டும். இதற்குக் கீழே எவன் சொன்னாலும் மண்ணைக் குழைத்துப் பூசப்போகிறான். நீர் மாட்டுத் தரகர்தானே?"

"ஆமா. அதுக்கு என்ன?"

"மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பீர். சேற்றில் நடக்க விட்டுப் பார்ப்பீர். மடியைக் கறந்து பார்ப்பீர். மதகுக்கு மட்டும் விரலைப் பிடித்தால் போதுமா? நான் கட்டிய கிணறு ஏழு ஊரில் இருக்கிறது. எவராவது போய் எட்டிப் பார்த்தீர்களா?"

கொம்பையாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "உனக்குக் கட்டுப்படியாகவில்லையென்றால் கையை எடு."

கை போய்விட்டது.

அதற்கப்புறம் நீண்டது கொக்கி விரல். கொம்பையா கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றான். வடிவின் முகம் வந்து போனது. 'பெரிய வேலை, இதிலாவது ஒழுங்காகச் செய்வான்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. அழுத்தினான். விரல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. சிங்காரத்தின் மருமகன் வந்து வெற்றிலை வாங்கினான்.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. பட்டப்பகலில், ஊர் சோற்றுக்கு உட்கார்ந்த நேரத்தில், மதகுச் சுவர் பெயர்ந்து கரையும் கூடவே போனது.

கொம்பையா ஓடினான். தாழங்குடி இருந்த இடத்தில் செந்நீர் சுழன்றது. மேட்டில் ஒரே ஒரு செவலைப் பசு, அறுந்த கயிற்றோடு நின்றது. வடிவுக்குச் சீதனமாக அவன் கொடுத்த பசு. நூறு மாட்டில் ஒன்றாக, பல் பார்த்து, நடை பார்த்து, மடி பார்த்து வாங்கியது. அது நீந்திக் கரையேறிவிட்டது. வடிவு ஏறவில்லை. அவள் புருஷனும் ஏறவில்லை. ஊரில் பாதிப் பேர் ஏறவில்லை.

பெயர்ந்து கிடந்த மதகுத் துண்டு ஒன்றைக் கொம்பையா கையில் எடுத்தான். புட்டு மாதிரி உதிர்ந்தது.

தண்ணீர் வடிந்ததும், உடைந்த மதகைத் திரும்பக் கட்ட ராசா தண்டோரா போட்டான். திரை கட்டினார்கள். கைகள் நீண்டன. மூன்றாவதாக வந்த கொக்கி விரல் முதல் இரண்டையும்விடக் கீழே இறங்கியது.

கொம்பையா அதை விடவில்லை. திரையைக் கிழித்து, சிங்காரத்தை இழுத்துச் சபை நடுவில் போட்டான்.

"இவன்தான், ராசா. சத்திரம் இவன். பாலம் இவன். என் பிள்ளையைக் கொன்ற மதகும் இவன். விரலைப் பாருங்கள்."

ராசா குனிந்து அந்த விரலைப் பார்த்தான்.

"இந்த விரல் உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"பாலத்துக்குப் பிடித்தபோதே?"

"தெரியும்."

"மதகுக்குப் பிடித்தபோது?"

கொம்பையா சிங்காரத்தின் விரலை விட்டான். தோளில் கிடந்த பட்டுத் துண்டு நெருப்பாய்ச் சுட்டது.

"அப்போது ஏன் சொல்லவில்லை?"

கொம்பையா தன் கையில் கிடந்த தங்கக் காப்பைப் பார்த்தான்.

ராசா நிமிர்ந்தான். "முகத்தைப் பார்த்துவிட்டாய். இனி நீ நடுநிலைக்காரன் இல்லை. வேறு தரகனைக் கூப்பிடுங்கள். திரையைத் தைத்துக் கட்டுங்கள். இந்தச் சிங்காரம் என்ன விலை சொன்னான்?"

"எல்லோரையும்விடக் குறைவு, ராசா," என்றார் விலை எழுதும் அதிகாரி.

திரை தைக்கப்பட்டது. புதுத் தரகன் வந்தான். வெற்றிலைத் தட்டு வாங்கச் சிங்காரத்தின் மாமனார் வாசலில் தயாராக நின்றார்.

கொம்பையா காப்பையும் துண்டையும் வாசலிலேயே போட்டுவிட்டு, செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனான். வழியில் தாழங்குடிச் சேற்றில், பிழைத்தவர்கள் வரப்போகிற புது மதகை நம்பி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நின்று சொல்லலாம் என்று வாயெடுத்தான். அவனைக் கண்டதும் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பசுதான் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், ஊர்க் காசில் கட்டும் வேலைக்கு ஆள் பிடிக்கும்போது அவன் முன்பு கட்டியதைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்க்கிறவன், மிச்சம் பிடித்த காசுக்கு ஊரார் உயிரை விற்கிறான்.