நாலு சதவீத உயிர்

அல்லிமேடு மருத்துவக் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் இன்னும் நலமாக இருக்கிறார்கள்.

அங்கே இணைய வகுப்பு வந்த புதிதில் பேராசிரியர் புண்ணியகோடி, "தொடாமல் வைத்தியமா?" என்று கொதித்தார். ஒரே வாரத்தில் மனம் மாறினார். மேலே சட்டையும் டையும், கீழே லுங்கி. எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லை. மாணவர்களுக்கும் பரம திருப்தி. கேமராவை அணைத்துவிட்டால் வகுப்பிலும் இருக்கலாம், தூக்கத்திலும் இருக்கலாம்.

இந்த ஒற்றுமைக்குச் சோதனையாக வந்தது செய்முறைத் தேர்வு. முதலில் அழைக்கப்பட்டவன் மாணவன் இளம்பரிதி. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். இந்த முறையும் தோற்றால் ஊருக்கு வந்து அரிசி மண்டியில் உட்காரும்படி அப்பா சொல்லிவிட்டார்.

கட்டிலில் வயிற்றுவலியோடு இளநீர் வியாபாரி மாசிலாமணி படுத்திருந்தார். இளம்பரிதி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடன் படிக்கும் தமயந்தியிடம் கிசுகிசுத்தான்.

"என்னடி, இவருக்குக் காலெல்லாம் இருக்கு?"

"ஆமாடா, நம்ம பாடத்துல நோயாளி இடுப்போட முடிஞ்சிடுவாரே! சார், இது நடத்தாத பகுதி!"

"நியாயம்தான்" என்றார் பேராசிரியர். மாசிலாமணியின் கையில் தன் போனைக் கொடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். மேசைமேல் இருந்த இளம்பரிதியின் போனில் நோயாளி தெரிந்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"தொட்டுப் பார்."

இளம்பரிதி திரையில் தெரிந்த நெற்றியில் கை வைத்தான். காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடிய போன். "கொதிக்குது சார்!"

"வயிற்றை அழுத்து."

அழுத்தினான். "வலிக்குதா ஐயா?"

"ஒண்ணும் தெரியலீங்களே தம்பி!"

"உணர்ச்சி போயிடுச்சு" என்றாள் தமயந்தி.

நோயாளி வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றார். "பக்கவாதம்!" என்றான் இளம்பரிதி. உடனே திரை இருண்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இளம்பரிதியின் கண்முன்னே அரிசி மூட்டைகள் வரிசையாக நின்றன.

கதவைத் திறந்துகொண்டு மாசிலாமணி வந்தார். "ஐயா, போன்ல உங்களைக் காணோமுங்க."

"கொஞ்சம் வெளியே இருய்யா" என்றார் பேராசிரியர். " இங்கே ஒரு சாவு விழுந்திருக்கு."

"அடப்பாவமே! யாருங்க?"

"ஒரு இளநீர் வியாபாரி."

"நம்ம தொழிலா!" தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார் மாசிலாமணி. "பேரு என்னங்க?"

"மாசிலாமணி."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, காலையில நல்லாத்தானே இருந்தேன்!"

"செத்தவர் பேசுறாரே சார்?" என்றாள் தமயந்தி.

"நேர்ல பேசுறார். தேர்வு நடந்தது திரையில. அதுல பேசினாரா?"

அழுகையோடு சுற்றுமுற்றும் பார்த்த இளம்பரிதி, சுவரோரம் தொங்கிய சார்ஜர் வயரைப் பாய்ந்து எடுத்துப் போனில் செருகினான். திரை மினுக்கியது. மறுபடி அழைத்தான். மாசிலாமணியின் முகம் தெரிந்தது.

"பிழைச்சுட்டார்!" பேராசிரியர் அவனைக் கட்டிக்கொண்டார். "என் சர்வீஸ்ல நான்கூட இதைச் செஞ்சதில்லைடா. நீ பாஸ்!"

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் வீட்டுக்குப் போகலாங்களா, டாக்டர் தம்பி?"

"அவசரப்படாதீங்க" என்றான் புது டாக்டர். "இப்பத்தான் நாலு சதவீதம் ஏறியிருக்கு. பாதி வழியில ஏதாவது ஆயிட்டா?"

சொன்ன பேச்சைத் தட்டாமல் அவர் கட்டிலைப் பிளக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

மாசிலாமணி யாரையும் குறை சொல்லவில்லை. மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். கால் கட்டைவிரல் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு, "கட்டிடுங்க தம்பி" என்றார்.