விழாத வான்மதி

"பார்க்குல நான் விழுந்ததே இல்ல ஜெசி. ரோட்டுக்கு வந்தா மட்டும் கால் ஓட மாட்டேங்குது."

இதைச் சொன்னபோதும் வான்மதியின் ஸ்கேட்போர்டு கக்கத்தில்தான் இருந்தது.

ஒரு மாதமாக இதே கதைதான். பலகையைச் சுமந்துகொண்டு ராயபுரம் வரை வருவாள். யாராவது திரும்பிப் பார்த்தால் போதும், ஷேர் ஆட்டோ ஏறிவிடுவாள்.

இத்தனைக்கும் ஸ்கேட்டிங் பார்க்கில் அவள் ராணி. அந்த வழவழப்பான சிமெண்ட் பள்ளத்தில் அவள் சுழன்று ஏறுவதைப் பார்த்தால் கண் பட்டுவிடும். 'விழாத வான்மதி' என்றே அங்கே பெயர்.

ஜெசிந்தா அவளைவிட ஐந்து வயது இளையவள். பதக்கம் கிதக்கம் எதுவும் கிடையாது. படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், பிளாட்பாரம் எல்லாம் அவளுக்கு ஆடுகளம். அவள் தாவும் வீடியோக்களை வான்மதி அலுக்காமல் பார்ப்பாள். ஒன்றில்கூட ஜெசிந்தா விழுந்ததில்லை.

"விழாம இருக்கறதுக்கு என்ன செய்யற? அத மட்டும் சொல்லிக் குடு. இல்லேன்னா ரோட்டு ஆசைக்கு இன்னிக்கே ஒரு கும்பிடு."

"வாக்கா, காட்டறேன்."

மூடிக்கிடந்த ஒரு தியேட்டர் வாசலுக்குக் கூட்டிப்போனாள். அகலமான படிகள். எதிரே பஸ் ஸ்டாப், ஜேஜே என்று கூட்டம்.

"இங்கயா? இவ்ளோ பேர் இருக்காங்களே!"

"இருக்கட்டும். இந்தா என் போன், நீ வீடியோ எடு. படியத் தாண்டி நான் போர்டு மேலயே இறங்குனா நிறுத்து."

ஓடிவந்து தாவினாள். பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

வான்மதி பதறி ஓடினாள்.

"ஏன்க்கா நிறுத்துன?"

"நீ விழுந்துட்டியே!"

"விழுந்தா நிறுத்துன்னு நான் சொல்லலையே."

மறுபடி தாவினாள். விழுந்தாள். மறுபடியும்.

யாரோ விசிலடித்தார்கள். பஸ் ஸ்டாப்பே சிரித்தது. ரிப்பேர் பார்த்த மிக்ஸியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, உன்ன வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேடுவாங்கக்கா. சாப்பாட்டு நேரத்துக்கு."

கூட்டம் பஸ் ஏறிப் போனது. புதுக் கூட்டம் வந்தது, முதலிலிருந்து சிரித்தது. ஜெசிந்தா பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு படியேறினாள். என்ன நெஞ்சழுத்தம் அந்தப் பெண்ணுக்கு!

மிக்ஸிக்கார அம்மாள் மட்டும் தன் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள்.

"வேகம் பத்தல கண்ணு. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்து வா."

தள்ளியிருந்து வந்தாள். அப்போதும் விழுந்தாள்.

வெயில் ஏறிவிட்டது. ஜெசிந்தா படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

வான்மதி மெல்லக் கேட்டாள். "இந்தப் படிய எப்பவாவது தாண்டியிருக்கியா?"

"இல்லக்கா. மழைக்காலத்துலேர்ந்து வர்றேன்."

"அப்ப நான் பார்த்த வீடியோ?"

"அது மார்க்கெட் படி. அங்க இதவிட ஜாஸ்தி விழுந்தேன்."

"அதக் காணோமே?"

"போன்ல இடம் இல்லக்கா. அழிச்சுட்டேன்."

வான்மதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை ஜெசிந்தாவின் மடியில் வைத்துவிட்டுப் படியேறினாள். பலகையைக் கீழே போட்டாள். பஸ் ஸ்டாப் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஒரே தள்ளு. தாவினாள்.

பொத்தென்று சத்தம். உள்ளங்கையில் தார்ரோட்டுக் கல் குத்தியது. முழங்காலில் ரத்தம். பஸ் ஸ்டாப்பில் சிரிப்பு.

"வலிக்குதாம்மா?" என்று மிக்ஸிக்கார அம்மாள் ஓடிவந்தாள்.

வான்மதி கையை ஊன்றி எழுந்தாள்.

"வலிக்குதுக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, திரும்ப வர்றேன்."