புள்ளி வைத்த உத்தரவு

மேலக்கரை நகராட்சியில் கட்டட வரைபடம் போடுகிறவர்களின் உரிமக் கட்டணம் ஒரே நாளில் ஐந்து மடங்கானது. கட்டாவிட்டால் உரிமம் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் உத்தரவு தொங்கியது. மற்றவர்கள் தொகையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வரைபடக்காரி ஜெபக்கனி மட்டும் அதற்குக் கீழே பார்த்தாள். அரசிதழ் எண் போட வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். விதியை மாற்றினால் அரசிதழில் வந்திருக்க வேண்டுமே, வந்ததா? அவளுக்கு எங்கேயோ இடித்தது.

கேட்டால் உத்தரவு போட்ட நகரமைப்பு அலுவலர் தில்லைநாயகம் எரிந்து விழுவார். அதனால் அவள் கேட்கவில்லை. ஒரு வீட்டு வரைபடத்தை அவரிடம் பணிவாக நீட்டினாள்.

"என்னம்மா இது? உரிம எண் போடுற இடத்துல புள்ளி வச்சிருக்கே!"

"எண்ணைப் பின்னால போட்டுக்கலாம்னு விட்டேன் சார்."

"பின்னாலயா? எண் இருந்தாத்தான் தாள் செல்லும். புள்ளியை நம்பி நான் கையெழுத்துப் போடணுமா?"

"அதையே எழுதிக் குடுங்க சார். நான் சொன்னா வீட்டுக்காரர் நம்ப மாட்டார்."

அவர் சிவப்பு மையில் எழுதினார்: 'எண்ணுக்குப் பதில் புள்ளி. இத்தாள் செல்லாது.' கீழே கையெழுத்து, முத்திரை.

ஜெபக்கனி வெளியே வந்து, அந்தக் குறிப்பை மட்டும் கத்தரித்து, உத்தரவில் இருந்த புள்ளிகளுக்கு நேர் கீழே ஒட்டினாள். கூட்டம் சிரித்த சத்தத்தில் தில்லைநாயகம் ஓடிவந்தார். தன் கையெழுத்தை இரண்டு முறை படித்தார்.

"சரி, பழைய கட்டணத்தையே வாங்கிக்கச் சொல்றேன்."

"நல்லது சார். ரசீதுல மட்டும் புள்ளி வைக்காம எண் போடச் சொல்லுங்க."