இடப்பக்கத்துச் சக்கரம்

போடி அடிவாரத்தில் தையல் கடை வைத்திருந்த குருநாதனுக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். அவனுடைய கத்தரிக்கோலை வேறு யாராலும் பிடிக்க முடியாது. மதுரையில் சொல்லிச் செய்த, அலகு மாற்றி வைத்த கத்தரிக்கோல் அது. பள்ளிக்கூடத்தில் அவன் இடக்கையால் எழுதுவதைப் பார்த்த வாத்தியார் ஒருநாள் "மரை கழண்ட பய" என்றார். அந்தப் பெயரை ஊர் பிடித்துக்கொண்டது. இன்றும் யாராவது 'இடது' என்றோ 'மரை' என்றோ சொன்னால் குருநாதனுக்கு முகம் இறுகிவிடும்.

மாமனார் இறந்தபின், அவர் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜீப் குருநாதனுக்கு வந்தது. கிழவருக்கு வீரணன் என்று ஒரே மகன். ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். வண்டி அவனுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிழவரோ சாகுமுன் மகள் தனக்கொடியிடம், "ஒம் புருசன் ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டார். வீரணன் முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டாததுதான் குருநாதனை உறுத்தியது.

குருநாதனுக்கு வண்டி வேலை புதிது. துருவைச் சுரண்டினான், பச்சை பெயிண்ட் அடித்தான், கூரைக்கு கான்வாஸ் துணியைத் தானே தைத்தான். அந்தத் துணி வாங்க அவன் மதுரை போயிருந்த நாளில் வீரணன் வந்து, சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கைச் சரிசெய்து, மறுபடி மாட்டிவைத்தான். திரும்பி வந்தவனிடம் வீல் ஸ்பேனரைக் கொடுக்கும்போது சிரித்தான்.

"எடதுன்னாலே மரை மாறித்தான் இருக்கும், மச்சான். அந்தப் பக்கம் மட்டும் கை வைக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

குருநாதன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஒவ்வொரு சக்கரமாக நட்டுகளைச் சோதித்தான். நட்டுக்கு ஓர் இழுப்புதான். அதற்கு மேல் இழுத்தால் மரை தேய்ந்துவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். வலப்பக்கத்து நட்டுகள் அசையவில்லை. இடப்பக்கத்து நட்டுகள் மட்டும் முரண்டு பிடித்துவிட்டு, கிறீச்சென்று இடம் கொடுத்தன. இவை சரியாக இறுகியிருக்கவில்லையா? அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வலப்பக்கம் கல்லாக நின்றது. இடப்பக்கம் தினமும் இடம் கொடுத்தது. அந்தப் பக்கத்து போல்ட் ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து 'எல்' பொறித்திருந்தது. லெஃப்ட் என்பதற்கு அடையாளம் போலிருக்கிறது என்று அதன்மேலும் பெயிண்ட் அடித்தான்.

இடப்பக்கம் என்றால் தனக்கொடி உட்காரும் பக்கம். வெள்ளிக்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு மலைமேல் கோயிலுக்குப் பூசை போடப் போவதாக இருந்தான்.

வியாழக்கிழமை மாலை கடையிலிருந்து வந்தபோது, வீரணன் இடது முன்சக்கரத்தின் அருகே ஸ்பேனரோடு குந்தியிருந்தான்.

"மச்சான், இதுல யாராச்சும் கை வைக்கிறாங்களா? நெதம் வந்து இறுக்கிட்டுப் போறேன், நெதம் லூசாக் கெடக்கு."

திருடனே வந்து பூட்டைப் பற்றி விசாரிப்பதுபோல் இருந்தது குருநாதனுக்கு.

"இனிமே நீ வரவேண்டாம், மாப்ள. வண்டி எனக்குத் தெரியும்."

வீரணன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "தெரியுமா? ஊசி கோக்குற மாதிரின்னு நெனச்சீங்களாக்கும்." போய்விட்டான்.

"எந்தம்பி என்ன செஞ்சான்?" என்றாள் தனக்கொடி.

"கேக்காத."

அன்று கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். விடிந்ததும் பார்த்தான், பூட்டு போட்டபடி இருந்தது. ஆனால் ஸ்பேனரை மாட்டி இழுத்தபோது இடப்பக்கத்து நட்டுகள் மறுபடியும் இடம் கொடுத்தன. பூட்டிய கேட்டுக்குள் யார் வந்தது? மரை தேய்ந்தாலும் தேயட்டும் என்று, நட்டுக்கு இரண்டு இழுப்பு இழுத்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தனக்கொடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

ஏற்றம் தொடங்கியதும் அவள் காலடியில் டக் டக் என்று ஒரு சத்தம். "என்னமோ ஆடுதுங்க," என்றாள். புதிதாகப் பூட்டிய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்றான். மூன்றாவது வளைவில், மேலிருந்து ஆட்களை இறக்கிவந்த வீரணனின் ஜீப் எதிரே வந்தது. வீரணன் குனிந்து இவர்களுடைய சக்கரத்தைப் பார்த்தான். அடுத்த நொடி தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, குதித்து, இரண்டு கைகளையும் விரித்தான். "நிப்பாட்டுங்க மச்சான்."

இடப்பக்கம் பள்ளம். வீரணன் வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஜீப் நுழைந்துபோகும் இடைவெளி இருந்தது. கொல்ல நினைத்தவன்தான் குறுக்கே நிற்கிறான் என்று குருநாதனுக்குத் தோன்றியது. வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே நின்றது.

அந்த நட்டுகளைத் தளர்த்தியது யார்? அந்தக் கால் எதை மிதிக்க வேண்டும்? விடையைப் படிக்கும்முன் நீங்களும் ஒருமுறை அந்த ஸ்பேனரைப் பிடித்துப் பாருங்கள்.

விடை: தளர்த்தியது குருநாதனின் கைதான். அந்த மாதிரிப் பழைய ஜீப்பில் இடப்பக்கத்துச் சக்கரங்களுக்கு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். வலப்பக்கத்தில் இறுக்குகிற அதே சுற்று அங்கே கழற்றும். 'எல்' எழுத்து சொன்னது அதைத்தான். வீரணன் சொன்னதும் அதைத்தான். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னான், அதனால் காதில் கேலியாக விழுந்தது. அந்தச் சிரிப்புக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் ஒருவன் தளர்த்தியதை மாலையில் இன்னொருவன் இறுக்கியதால்தான் சக்கரம் அத்தனை நாள் நின்றது. குருநாதன் பிரேக்கைத்தான் மிதித்தான். மச்சினனை நம்பியல்ல, தனக்கொடி அவன் தோளை இறுகப் பிடித்ததால். ஜீப் சரிந்து நின்றது. இடது முன்சக்கரம் மட்டும் கழன்று விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அது கீழே மோதி மோதி விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வீரணன் இடது பின்சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி, எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறுக்கினான். குருநாதன் அந்தச் சுற்றைப் பார்த்தான்; பிறகு தன் கையைப் பார்த்தான். அலகு மாற்றி வைத்த கத்தரிக்கோலை வாழ்நாளெல்லாம் பிடித்த கை.